சந்தை கேட்டில் மாற்றிய தண்டவாளம்

நம்பாதவர்கள் புதுக்கோட்டைக்குப் போய் மலையாண்டியின் இடது தோளைப் பார்க்கலாம். எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை.

1943, சித்திரை. சந்தை நாள். ரயில் பாதை சாலையைக் குறுக்கே வெட்டிப் போகும் கேட்டில் தேய்ந்த தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதியது போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி ரயிலுக்குள் முடித்தாக வேண்டும். இரண்டு பக்கமும் கடலை மூட்டை ஏற்றிய வண்டிகள் நின்றன. காலையிலிருந்து ஓயாத வசவு. ஆலங்குடி வண்டிக்காரன் உடையப்பன், கேங்மேன் மலையாண்டியின் ஆத்தாளையும் இழுத்துப் பேசினான். மலையாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஜல்லியை வாரினான்.

பகல் 12.10. மற்றவர்கள் சோற்றுக்குப் போனார்கள். புதுத் தண்டவாளம் முட்டுக்கட்டைகளின் மேல் முழங்கால் உயரத்தில் இருந்தது. அதனடியில் ஜல்லியைச் சமன் செய்ய மலையாண்டி மட்டும் நின்றான்.

டங்...

மறுமுனையில் ஒருவன் சுத்தியலோடு நின்றான். காக்கிச் சட்டை. வலது காது பாதிதான் இருந்தது. வேறு கேங் ஆளாக இருக்கும் என்று மலையாண்டி நினைத்தான்.

சுத்தியல் மேலே போனது. டங்... சத்தம் கேட்ட பிறகுதான் சுத்தியல் கீழே இறங்கியது.

வெயில் கண்ணைக் கட்டுகிறது என்று மலையாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்போதுதான் கவனித்தான். வண்டிக்காரர்களின் வாய்கள் அசைந்தன. மாடுகளின் கழுத்துமணிகள் ஆடின. எதிலும் சத்தமில்லை.

12.14. டங்...

காக்கிச் சட்டை இப்போது பாதி தூரத்தில். நடந்து வரவில்லை.

“யாருங்க?”

டங்...

பக்கத்தில். அப்படியொரு வெறுப்பை மலையாண்டி எந்தக் கண்ணிலும் பார்த்ததில்லை.

“அடியில மட்டம் பாரு. குனி.”

உடம்பு தானாக மடிந்தது...

கழுத்து தண்டவாளத்தின் அடியில் போனது...

கர்ர்ர்...

யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். தண்டவாளம் தோளில் விழுந்தது. மேலே உடையப்பனின் முகம். கேட்டைத் தாண்டிக் குதித்து ஓடி வந்திருந்தான்.

“காக்கிச்சட்டைக்காரன் கட்டையை ஒதைக்கிறான். நீ பாத்துக்கிட்டே தலையக் குடுக்குற. பைத்தியமாடா ஒனக்கு?”

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாருமில்லை.

ஒரு வாரம் கழித்து மலையாண்டியைப் பார்க்க அவன் கேங்கின் மேஸ்திரி ராக்கன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அரைக்காது என்றதும் அவர் முகம் வெளுத்தது. ரயில் லயன் போட்ட வருஷம், அதே கேட்டில், தண்டவாளம் விழுந்து வீரய்யா என்ற கூலி தலை நசுங்கிச் செத்திருக்கிறான். குனிந்து மட்டம் பார்க்கச் சொன்னவர் ஒரு அரைக்காது மேஸ்திரி.

“அந்த மேஸ்திரிதான் செத்தும் அலையறாருங்களா?” என்றான் மலையாண்டி.

ராக்கன் இல்லையென்று தலையசைத்தார்.

“அவரு சாகலைப்பா. திருச்சியில பக்கவாதத்துல கெடக்குறாரு. போன மாசம் போயிப் பாத்தேன். பேச்சில்ல, அசைவில்ல. மத்தியானம் பன்னெண்டு தாண்டினா வலது கை மட்டும் மேல போயி மேல போயி எறங்குது. சுத்தியல் அடிக்கிற மாதிரி.”