ஒன்பதாம் பாரம்

சண்முகசுந்தரிக்கு ஒருவரை முகத்துக்கு நேரே புகழவும் வராது, முதுகுக்குப் பின்னால் திட்டவும் வராது. இரண்டையும் இடம் மாற்றிச் செய்யத்தான் வரும். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு தமிழில் புத்தக மதிப்புரை எழுத வந்தால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டாம். ஆயிற்று.

அம்பாசமுத்திரத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலை. வீடு திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டிய மீனாட்சிபுரத்தில். காலையில் செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் அம்பாசமுத்திரம் வரும்வரை யாரும் அவளிடம் பேச முடியாது. கையில் புத்தகம் விரிந்திருக்கும். சிறுகதைகள் எழுதினாள், நல்ல கதைகள். ஆனால் ஊர் அவளை அறிந்தது 'கரைமேடு' காலாண்டிதழின் கடைசி நான்கு பக்கங்களால்தான். புதிதாக வருகிற நாவல்களையும் கட்டுரைத் தொகுப்புகளையும் அங்கே வைத்துத்தான் அவள் பிரித்து மேய்ந்தாள்.

'கரைமேடு' நடத்தியவர் மேலப்பாளையம் அசன் மைதீன். காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் பீடி லேபிளும் அடித்து வந்த வருமானத்தில் இலக்கியத்துக்குச் சோறு போட்டார். மதிப்புரைக்கு இரண்டு பிரதி அனுப்ப வேண்டும் என்பது எல்லாப் பத்திரிகைக்கும் உள்ள வழக்கம். ஒன்று அவருக்கு, மற்றது சுந்தரிக்கு.

அவள் ஒரு புத்தகத்தை இரண்டு முறை படிப்பாள். முதல் முறை சும்மா; இரண்டாவது முறை பென்சிலோடு. ஒரு பேராசிரியரின் தொகுப்பில் பதினெட்டுக் கட்டுரைகள் இருப்பதாக முன்னுரை சொன்னது. தலைப்பை எடுத்துவிட்டு வாசித்தால் ஐந்துதான் தேறுகிறது என்று எழுதினாள். அவர் இவளை 'இலக்கிய மாமியார்' என்று எங்கோ எழுதினார். "மாமியார்னா கொறை சொல்லத்தான் செய்வா, அண்ணாச்சி. வாழ்த்து வேணும்னா அவரு கல்யாண வீட்டுக்குப் போகட்டும்" என்று அசன் மைதீனிடம் சொல்லிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படிப்பட்டவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. வருஷக்கணக்காக எழுதித் திருத்திய தன் நாவல் புத்தகமாக வர வேண்டும். டவுனில் பதிப்பகம் வைத்திருந்த வைத்தியலிங்கத்திடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்திருந்தாள். தாள்கள் கலையாமல் இருக்கப் பச்சை நாடாவால் கட்டி, நெல் மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டிருந்தாள். அதை அவிழ்க்க முடியாது, நாடாவை வெட்டத்தான் வேண்டும். சில வாரங்களில் வைத்தியலிங்கம் வங்கிக்கே போன் செய்தார்.

"மூணு தடவ படிச்சிட்டேம்மா. கடைசில கண்ணு கலங்கிட்டு. தை மாசம் கொண்டாந்திருவோம்."

அன்றைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வீடுவரை சுந்தரி ரயிலில் எதையும் படிக்கவில்லை. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். அந்தத் தை போய் அடுத்த ஆவணியும் வந்துவிட்டது. கேட்டால், "கண்ணுலயே நிக்கிம்மா, அவசரப்பட்டு அடிக்கக் கூடாது" என்பார். அதையும் அவள் நம்பினாள்.

அந்த ஆவணியில்தான், 1995இல், வைத்தியலிங்கம் வெளியிட்ட 'பின்கட்டு வெளிச்சம்' என்ற நாவல் மதிப்புரைக்கு வந்தது. எழுதியவர் ஸ்ரீவத்ஸன். கல்லிடைக்குறிச்சிக்காரர், சென்னையில் பெரிய அதிகாரி. சென்னையில் ஏற்கெனவே விழா நடத்தி மாலை போட்டிருந்தார்கள்; பத்திரிகைகள் எல்லாம் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தன.

சுந்தரி ரயிலில் படித்தாள். பாதிக்கு மேல் சவசவ என்று போயிற்று. நூற்று இருபத்தெட்டாம் பக்கத்தில் அலமேலு என்கிற அந்த வீட்டு மருமகள் காய்ச்சலில் படுத்துத் தண்ணீர் கேட்கிறாள். எதிர்ப் பக்கத்துக்கு வந்தால் அவளுக்குப் பதின்மூன்றாம் நாள் காரியம் நடக்கிறது. பக்க எண் நூற்று நாற்பத்தைந்து.

தன் பிரதியில்தான் கோளாறு என்று நினைத்து, அசன் மைதீனின் பிரதியைப் பார்த்தாள். அதிலும் அப்படியே. ஜங்ஷன் புத்தகக் கடையில் போய்ப் புரட்டினாள். அங்கேயும் அலமேலு தண்ணீர் கேட்டுவிட்டுச் செத்துப் போயிருந்தாள்.

"ஒன்பதாம் பாரம் போச்சு," என்றார் அசன் மைதீன். பதினாறு பக்கம் சேர்ந்து ஒரே தாளில் அச்சாவதுதான் ஒரு பாரம். பைண்டிங் செய்கிறவர் அடுக்கும்போது அந்தக் கட்டை மட்டும் கோக்க மறந்திருக்கிறார். "எல்லாப் பிரதியிலயும் விட்டிருக்கான். அது கெடக்கட்டும். இதப் படிச்சுட்டா இத்தன பேரும் எழுதுதானுவ?"

வந்த மதிப்புரைகளை இருவரும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டில் அலமேலுவின் பெயரே இல்லை. மூன்றாவது நம் பேராசிரியர் எழுதியது. 'மரணத்தைச் சொல்லாமல் விட்ட அந்த மௌனம் தமிழ் நாவலுக்குப் புதிய உத்தி' என்று அரைப் பக்கத்துக்கு உருகியிருந்தார். அதைவிடப் பெரிய வேடிக்கை, ஸ்ரீவத்ஸனே ஒரு பேட்டியில் 'சொல்லாமல் விடுவதுதான் கலை' என்று அதை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அசன் மைதீன் சிரித்துச் சிரித்து இருமினார். சுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. சண்டை போடத்தான் அவள் அந்த ஒன்பதாம் பாரத்தைத் தேடிப் போனாள்.

டவுனில் பைண்டிங் கடையின் மூலையில் அந்தக் கட்டு அப்படியே கிடந்தது. கழிவுத்தாள்காரர் வரும்போது எடைக்குப் போட வைத்திருந்தார்கள். கூட வந்திருந்த அசன் மைதீன் ஒரு தாளை உருவி, மடித்து, பிளேடால் ஓரத்தை வெட்டிக் கொடுத்தார். சுந்தரி அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து படித்தாள்.

காய்ச்சலில் கிடக்கிற அலமேலுவுக்குப் புருஷன் தண்ணீர் எடுக்கப் போகிறான். தன் வீட்டில் தம்ளர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சாப்பிட்ட வீட்டில் ஒவ்வொரு பாத்திரமாகத் தட்டிவிட்டுத் தேடுகிறான். கொண்டு வருவதற்குள் அவள் போய்விடுகிறாள். நடந்தது அவ்வளவுதான். அதை எழுதிய கை பொய் சொல்லவில்லை. ஸ்ரீவத்ஸன் தன் ஆயுளில் எழுதிய நல்ல பக்கங்கள் அவ்வளவுதான் என்று சுந்தரிக்குத் தெரிந்துவிட்டது. அவற்றைத்தான் மூலையில் போட்டிருந்தார்கள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விஷயம் வைத்தியலிங்கத்தின் காதுக்குப் போயிற்று. அவரே அச்சகத்துக்கு வந்து சுந்தரியைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கும்மா. நீங்க கெளப்பாதீங்க. ஞாயித்துக்கிழம டவுன்ல அவருக்குப் பாராட்டு விழா. நீங்கதான் கடைசியாப் பேசணும். உங்க வாயால நல்ல வார்த்த வந்தா அதுக்கு மதிப்பே தனி. மறுநாளே உங்க நாவலக் கம்போசிங்குக்குக் கொடுத்துருதேன்."

அவர் போனபிறகு அசன் மைதீன் அச்செழுத்துப் பெட்டியை ஓரமாகத் தள்ளினார். "ஒரு நாள் வாய மூடிக்கிட்டா புஸ்தகம் வந்துரும், தாயி. நான் தப்பாச் சொல்ல மாட்டேன்."

"மத்தவன் புஸ்தகத்தப் படிக்காம மேடையேறிப் புகழுத கூட்டத்துல நானும் போய் நிக்கணும். அப்புறம் என் புஸ்தகத்த மட்டும் ஊரு ஒழுங்காப் படிக்கணுமாக்கும். எந்த ஊரு நியாயம், அண்ணாச்சி, இது?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட அரங்கில் விழா. பொன்னாடைகள் மேசையில் அடுக்கியிருந்தன. பேராசிரியர் மௌனத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார். கடைசியில் சுந்தரி எழுந்து மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"இந்த நாவலப் பத்தி நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. இதுல விட்டுப்போன பதினாறு பக்கத்த வாசிக்கப் போறேன். உத்தி கித்தி ஒண்ணுமில்ல. பைண்டிங்ல விட்டுப்போச்சு."

முதல் வரிசையில் வைத்தியலிங்கம் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார். அவள் வாசித்தாள். நடுங்காமல், ஏற்ற இறக்கம் போடாமல், கணக்கு வாசிக்கிற குரலில். புருஷன் தம்ளரைத் தேடுகிற இடத்தில் பின்வரிசையில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். வாசித்து முடித்து, "இதுதான் நல்ல எழுத்து. இதப் படிக்காமலே இவர நீங்க புகழ்ந்திருக்கீங்க. அவரும் இத விட்டுட்டு, வந்த புகழ எடுத்துக்கிட்டாரு" என்று சொல்லி இறங்கினாள்.

ஸ்ரீவத்ஸன் ஏற்புரை நிகழ்த்தவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். கூட்டம் கலையும்போது வாசலில் அவளிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"அந்தத் தாளை எனக்குக் கொடுத்துடுங்கோ."

"இது என் பிரதி, சார். பைண்டிங் கடையில கட்டா கெடக்கு. எடைக்குப் போடுததுக்குள்ள போய் எடுத்துக்கிடுங்க" என்றாள் சுந்தரி.

அடுத்த வாரம் வைத்தியலிங்கம் அச்சகத்துக்கு வந்தார். சுந்தரியும் அங்கே இருந்தாள். அவளுடைய கையெழுத்துப் பிரதிக் கட்டை, பச்சை நாடாவோடு, மேசையில் வைத்தார்.

"கோவத்துல சொல்லுததா நெனைக்காதீங்க. எழுத்தெல்லாம் தரமாத்தான் இருக்கு. முடிவுதான் சரியில்ல. நமக்கு ஒத்து வராது."

"முடிவுல என்ன நடக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டாள் சுந்தரி.

வைத்தியலிங்கம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அதாம்மா... அந்தப் பொண்ணு சாகுதுல்லா."

"அது ஸ்ரீவத்ஸன் சார் நாவலு. என் நாவல்ல யாரும் சாகல."

சொல்லிவிட்டுக் கட்டை அவர் பக்கம் திருப்பினாள். அவள் கையால் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, தூசியோடு. வைத்தியலிங்கம் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

நாவல் திரும்பி வந்தது அவளுக்கு வலிக்கவில்லை. 'கண்ணு கலங்கிட்டு' என்ற அந்த ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டு இத்தனை மாதம் தானும் உருகிப் போயிருந்தாளே, அதுதான் வலித்தது. முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே கிடந்த பிளேடை எடுத்து நாடாவை வெட்டி, கட்டை அசன் மைதீனிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க. நல்லாயிருக்குன்னு சொல்லணும்னு இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படிக்கத் தொடங்கினார். நிக்காஹ் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வந்தவர் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் காதில் விழவில்லை. ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"மூணாம் பக்கத்துல இழுக்குது, தாயி. இந்த மழை இவ்வளவு நேரம் பெய்ய வேண்டாம்."

சுந்தரி அவர் காதுமேல் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த வரின்னு காட்டுங்க அண்ணாச்சி. பெய்யணுமா வேண்டாமான்னு பாத்துருவோம்."