பார்ட்டி ரூமில் நடந்த ஜனாதிபதித் தேர்தல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கனடாவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. உண்மையான தேர்தல் இலங்கையில்தான். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதில் வாக்கு இல்லை. எங்களில் பாதிப் பேருக்குக் குடியுரிமை கிடைக்காததால் கனடாவிலும் வாக்கு வந்திருக்கவில்லை. ஆகவே பிறந்தநாள் கேக் வெட்டும் பார்ட்டி ரூமில் தாங்களே ஒரு தேர்தல் வைத்தார்கள். யார் வென்றாலும் எதுவும் ஆகப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

நடத்தியவர் பெரியப்பா. ஊரில் வாக்களிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர். மைக்ரோவேவ் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, மெழுகு உருக்கி முத்திரை வைத்தார். மறைப்புக்குக் குளியலறைத் திரை; யாருக்குப் போட்டது என்று யாரையும் கேட்கக்கூடாது என்பது அவர் சட்டம். சின்ன விரலில் பூச மைக்குப் பதில் கறுப்பு மார்க்கர். பஸ்ஸுக்குக்கூட வரிசையில் நிற்காத அங்கிள்மார் கைகட்டி, குரலடக்கி நின்றார்கள். பிறகு நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, எண்ணெய் வயல் முகாம்களில் சமைத்து, லொறி ஓட்டி எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு வரிசையை எங்கும் காணவில்லை.

அம்மா ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "எனக்கு இடம் பிடிச்சு நில். சீலை மாத்திக்கொண்டு ஓடி வாறன்" என்று மேலே போனார். வரிசை எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்து, நான் மேசைக்கு முன்னால் வந்துவிட்டேன்.

"ஆற்றை வோட்டு?" என்றார் பெரியப்பா.

"அம்மான்ரை."

பின்னால் நின்ற அங்கிள் சிரித்தார். "உவளே போடட்டும் அண்ணை. உந்த வோட்டாலை ஆர் கவிழப்போகினம்?"

பெரியப்பாவும் சிரித்துவிட்டார். அம்மாவின் பெயரைக் கோடிழுத்து வெட்டி, என் விரலில் மை பூசிச் சீட்டைத் தந்தார். திரைக்குள் என் மூச்சு எனக்கே கேட்டது. சீட்டில் இருந்த சின்னங்களில் பட்டத்துக்கு நேரே புள்ளடி என்ற பெருக்கல் குறியைப் போட்டேன்.

லிப்ட் பழுது. கல்யாண வீடுகளுக்கு மட்டும் கட்டும் நீலச் சீலையோடு பதினொரு மாடி இறங்கி, மூச்சு வாங்க அம்மா வந்தார். பெரியப்பா பட்டியலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மடை வோட்டு விழுந்திட்டுது."

"அங்கையும் இதைத்தான் சொன்னவை, அத்தான்."

ஊரில் அம்மா வாக்களிக்கப் போனது ஒரே ஒரு முறை. வாக்களிக்கும் வயது வந்த முதல் தேர்தல். யாரோ அவர் பெயரில் முன்னமே போட்டுவிட்டார்களாம். பெரியப்பா அதை அறிந்திருக்கவில்லை. அவசரமாக இன்னொரு சீட்டை நீட்டினார்.

"இந்தாரும், போடும். ஆர் கேக்கப்போகினம்?"

"வேண்டாம் அத்தான். இப்ப நான் போட்டால் அது கள்ள வோட்டு."

நான் படியேறி வீட்டுக்கு ஓடி, சவர்க்காரம் போட்டு விரலை உரஞ்சினேன். தோல் சிவந்தது, மை போகவில்லை. பின்னால் வந்த அம்மா குழாயை மூடினார்.

"உரஞ்சாதை. உது என்ரை வோட்டு. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

அந்த வாரம் முழுவதும் வீதி கடக்கும்போது அந்த விரலைத்தான் பிடித்துக்கொண்டார். யாருக்குப் போட்டாய் என்று மட்டும் கேட்கவே இல்லை. என் மேல் இன்னும் கோபம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.