எத்தனை பொயின்ட்?

வயரிங் வேலைக்குப் போகிறவன் வாசலிலேயே கேட்கும் கேள்வி, "எத்தனை பொயின்ட்?" லைட்டுக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்று, இதே தொழிலில் கிடந்து அல்லாடும் நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

மேசனின் சுவர்

பாலமுனையில் ஒரு புது வீடு. "பொயின்ட் வேலை முடிஞ்சிட்டு, வாங்க" என்று வீட்டுக்கார ராத்தா போன் எடுத்தார். முன்சுவரில் செங்கல் இடுக்குகளுக்குச் சாந்து வைத்து அழகாக்கும் வேலையைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். மேசன்மாருக்கு அதுதான் பொயின்ட். என் பொயின்ட்டுக்கு இடம் குறித்தாயிற்று என்று நினைத்து நான் உளியை அந்தச் சுவரில் வைத்ததும் மேசன் கரண்டியோடு குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி, என்ட பொயின்ட்டை உடைச்சா உன்ட பொயின்ட்டை வைக்கப்போறாய்?"

ரெயில்காரர் வீடு

சாய்ந்தமருதில் ஒரு பெரியவர். நம் பக்கம் தண்டவாளமே இல்லை. அவர் மட்டக்களப்பில் ரெயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். "எங்கட பொயின்ட் வேற தம்பி. ஒரு லைன் ரெண்டாப் பிரியிற இடம்."

மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு அவளுக்கு, தாயும் தகப்பனும் பின்னறைக்கு. புது மருமகன் கூச்சப்படக்கூடாதென்று நடுக்கதவைக் கல் வைத்து அடைத்துவிட்டார். பின்பக்கத்துக்குத் தனி மீற்றரும் வேண்டுமென்றார்.

"நாங்க என்ன வேற வேற ஆக்களா, வாப்பா?" என்று மகள் அழுதாள். அவர் மீற்றர் வைக்கும் இடத்தை எனக்குக் காட்டினார். வயரைக் கையில் வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன். முழங்கால் வருத்தத்தோடு கட்டிலில் கிடந்த அவளுடைய உம்மாதான் என்னைக் கூப்பிட்டார்.

"மனே, என்ட தலைமாட்டில ஒரு பெல் சுவிட்ச் வை. அவள்ர அறையில சத்தம் கேட்டாப் போதும்."

அடிக்காத பெல்

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் மகள் போன் எடுத்தாள். பெல் வேலை செய்யவில்லையாம். போய்ச் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன். ஒரு பழுதும் இல்லை. அழுத்தினேன், முன்னறையில் கணீரென்று அடித்தது.

உம்மா மெதுவாகச் சொன்னார்: "நான்தான் அடிக்கல்ல மனே. புள்ளைக்கு எவ்வளவோ வேலை."

பெல் அடித்ததும் வீட்டைச் சுற்றி ஓடி வந்த மகளுக்கும் உம்மா சொன்னது கேட்டுவிட்டது. உம்மாவின் காலடியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினாள். வாசலில் நின்ற வாப்பா இடுப்புச் சாரனைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். போகிறவரைப் பார்த்தபடியே அவள் அண்ணனிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டாள்.

"காக்கா, அடைச்ச கதவைத் திரும்பத் திறக்க யாரைக் கூப்பிடணும்?"

கரண்ட் ஒழுங்காக ஓடும் வீட்டிலும் கோளாறு இருக்கும், அதைக் காட்டும் டெஸ்டர் மட்டும் இன்னும் கடைக்கு வரவில்லை.