பதினான்கு மண் கல்லறைகள்

நனைந்த களிமண்ணும் உடைத்த தேங்காய்ச் சிரட்டையும் சேர்ந்தால் ஒரு புளித்த நெடி வரும். சிறுவயதில் எனக்கு அதுதான் ஈஸ்டர் நெருங்குவதன் வாசனை. குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு கல்லறை செய்வோம். "கமுகம்பாளை" எனும் பாக்குமரப் பாளையைத் தட்டாக விரித்து, அதன்மேல் பாதிச் சிரட்டையைக் கவிழ்த்து, பக்கவாட்டில் முன்பே உடைத்து வைத்திருக்கும் ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மண் பூசி, சுற்றிலும் ஊறவைத்த சிறுபயறைத் தூவினால், ஏழு நாளில் அது முளைத்துத் தோட்டமாகிவிடும். ஓட்டையை மூட ஓர் உருண்டைக் கல். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நேமத்தைத் தாண்டி, தமிழில் ஆராதனை நடக்கும் சின்னச் சபை எங்களுடையது. ஞாயிறு பள்ளியில் என்னையும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள். ஆசிரியை என் அம்மா.

"மண்ணைத் தொட்டாத்தான் மக்களுக்கு மனசிலாவும்" என்பாள்.

பெரிய வெள்ளியன்று விரல் நீளத்தில் ஒரு மண் உருவம் பிடித்து, பழைய முண்டு வேட்டியைக் கிழித்த துணியால் சுற்றி, சிரட்டைக்குள் கிடத்திக் கல்லை வைத்து மூடுவோம். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அம்மா தனியாகப் போய், ஒவ்வோர் உருவத்தையும் வெளியே எடுத்து, சுற்றியதை அவிழ்த்து, துணியை மட்டும் மடித்து உள்ளே வைத்துவிட்டு வருவாள். ஞாயிறு விடியற்கால ஆராதனைக்குப் பின் கல்லை உருட்டினால் துணி இருக்கும், ஆள் இருக்காது. சின்னப் பிள்ளைகள் போடும் கூச்சலில் வராந்தா ஓட்டின்மேல் இருக்கும் காக்கைகள் பறந்துவிடும். உயிர்த்தெழுதலைப் பற்றி அம்மா அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கியதில்லை. ஆசிரியையின் மகள் என்பதால் இந்த இரகசியம் எனக்கு மட்டும் தெரியும்.

நாட்களைத் தப்பாமல் குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பிற்காலத்தில் வந்தது. ஆனால், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருஷத்து லெந்து என்னும் தபசு நாட்களை எந்தக் குறிப்பையும் பாராமல் சொல்வேன். தம்பி பிறந்தது சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை. ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று போதகர் சொல்லியிருந்தார். அவனுக்குக் காய்ச்சல் கண்டது லெந்தின் ஐந்தாம் வாரத்துத் திங்கள்கிழமை, இறந்தது புதன்கிழமை. நாற்பத்தொரு நாள் எங்களோடு இருந்தான்.

அதற்கு நாலாம் நாள் குருத்தோலை ஞாயிறு. அம்மா வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தாள், மண் குழைத்துத் தந்தாள். பெரிய வெள்ளியன்றும் வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த துணியைப் பதினான்கு துண்டாகக் கிழித்தாள். அது எந்தத் துணி என்று எனக்குத் தெரியும். தம்பியைச் சுற்றி எடுத்துப்போனதுபோக மீந்த பாதி முண்டு.

சனிக்கிழமை அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டி, காய்ச்சல் அடித்தது. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பக்கத்து வீட்டு லில்லி அக்காள் சொன்னபடி மார்பில் பூவை வைத்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். படுத்தபடியே தலையணைக்கடியிலிருந்து வராந்தாக் கதவின் சாவியை எடுத்துத் தந்தாள்.

"மக்ளே, நீ போய் எடுத்துட்டு வா. பதினாலும் எடுக்கணும், கேட்டியா? துணியை மடிச்சு வைக்க மறக்கப்பிடாது."

போனேன். வராந்தாவில் யாருமில்லை. பயறு விரற்கடை உயரம் வளர்ந்திருந்தது. முதல் கல்லறையின் கல்லை நகர்த்தி உள்ளே கைவிட்டேன். துணி ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது, அதற்குள் இருந்தது அசையவில்லை. பெட்டியை மூடும் முன் தம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அப்போதும் என் விரலுக்கு இப்படித்தான் இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். கல்லைத் திரும்பவும் வைத்துவிட்டு, சுவரோரமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"எடுத்தாச்சா?" என்றாள் அம்மா.

"எடுத்தாச்சு" என்றேன்.

ஞாயிறு காலை, காய்ச்சலோடு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்தாள். பிள்ளைகள் அவரவர் கல்லறைக்கு முன் குந்தியிருந்தார்கள். தாய்மார் சிலரும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். "இனி கல்லை உருட்டுங்க" என்றாள் அம்மா. கற்கள் உருண்டன. கூச்சல் எழவில்லை.

"டீச்சர், எனக்கதுல ஆளு உண்டே!" என்றான் பென்னி.

"எனக்கதுலயும் உண்டு."

"லேய், உனக்க ஏசு இன்னும் ஒறக்கமாக்கும். தட்டி எழுப்புலே!"

பெரிய பையன்கள் சிரித்தார்கள். எல்லோரிலும் சின்னவளான ஷைனி மட்டும், "அப்போ எழும்பவே இல்லியா?" என்று கேட்டு அழத் தொடங்கினாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "டீச்சருக்கு ஓர்மையில்லாம போச்சு மக்களே. டீச்சர் மறந்துட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வோர் உருவத்தையும் தன் கையாலேயே எடுத்து, எல்லோர் கண்முன்னும் சுற்றை அவிழ்த்து, துணியை மடித்து வைத்தாள். அவசரப்படவில்லை. ஷைனியின் அழுகை நிற்கவேயில்லை. அதைக் கேட்கக் கேட்க அம்மாவுக்குப் பால் சுரந்து, சேலையின் முன்பக்கத்தில் ஈரம் பரவுவதைப் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள். பதினான்காவது உருவத்தை அவிழ்க்கும்வரை அவள் சேலையைச் சரிசெய்துகொள்ளவில்லை.

முற்றத்தில் பென்னியின் அம்மா தாழ்ந்த குரலில் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. "மறதியாம்! ஒண்ணு ரெண்டு மறக்கும், பதினாலுமா மறக்கும்? பிள்ளை போனதுல கர்த்தர் மேல கோவம். வேணும்னே விட்டு வச்சிருக்கா."

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் சபைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அம்மா உள்ளறையில் இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"டீச்சர் மேல ஒரு பராதியும் குற்றமும் இல்ல. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

"சார், அவளுக்கு இப்போ இது ஒண்ணுதான் உண்டு" என்றார் அப்பா.

"எனக்கு மனசிலாவுது. பிள்ளைகள் வீட்டுல போய்க் கேக்குதாங்க, ஏசு எழும்பலியான்னு. நான் என்ன பதில் சொல்ல?"

ஒரு வாக்கியம் போதும். அது என் வாயில் இருந்தது. அம்மா வெளியே வந்து வராந்தாச் சாவியைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, காப்பி போட்டு வரட்டுமா என்று கேட்டாள்.

கொஞ்ச நாள் என்பது முடியவேயில்லை. அதன்பின், இறக்கும்வரை, இருபத்தாறு ஈஸ்டர்களுக்கு அம்மா ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்ததும் பின்வராந்தாப் பக்கம் போகாமல் முன்வாசல் வழியாகவே வீட்டுக்கு வந்தாள். என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது அந்த வராந்தா இல்லை. ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்டியிருக்கிறார்கள். நாங்கள் களிமண் எடுத்த வயல் நிரப்பப்பட்டு, அதன்மேல் வாடகை வீடுகள் நிற்கின்றன. ஞாயிறு பள்ளியில் பாதிப் பிள்ளைகள் மலையாளத்தில் பதில் சொல்கிறார்கள். கடையில் அச்சிட்டு வரும் அட்டைக் கல்லறையில், கல்லாக ஒட்டிய காகித வட்டத்தைத் திருப்பினால் உள்ளே ஒன்றும் இருக்காது. யாரும் எதையும் எடுக்கவேண்டியதில்லை. இடம் போதாமல் கல்லறைத் தோட்டத்தில் அடுக்கு அறைகள் கட்டியபோது, பெயர் பொறிக்காத சின்னக் குழிகளை எல்லாம் சமப்படுத்தினார்கள்; தம்பி கிடந்த இடத்தை இனி என்னால் காட்ட முடியாது.

சபையின் பழைய அறிக்கைகளை வரிசைப்படுத்தும் வேலையைச் சென்ற ஆண்டு நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாயிறு பள்ளி ஆசிரியர் பட்டியலில் அம்மாவின் பெயருக்கு எதிரே, "மறதியின் காரணமாக விலக்கப்பட்டார்" என்று இருந்தது. பக்கத்தில் இடம் இருந்தது. அந்த வரியை அடிக்காமல், அதன்கீழ் என் கையெழுத்தில் எழுதினேன்: ஆசிரியை மறக்கவில்லை. சனிக்கிழமை மகளை அனுப்பினார். மகள் எடுக்காமல் வந்து, எடுத்ததாகப் பொய் சொன்னாள்.