ஹெட்டி கிராப்ட்ரீயின் கடைசி வசனம்

ஹெட்டி கிராப்ட்ரீக்கு அந்த நாடகத்தில் ஒரே ஒரு வசனம். ஆனால் அது நாடகத்தின் கடைசி வசனம். மூன்று வாரம் தங்கி வீட்டைத் தலைகீழாக்கிய மாமியாரை ஒருவழியாக ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, மகளும் மருமகனும் அப்பாடா என்று சோபாவில் சாய்வார்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரி ஹெட்டி கதவைத் திறந்து தலையை நீட்டுவாள்.

"உங்கம்மா ரயிலை விட்டுட்டாங்களாம். அடுத்த ரயில் கிறிஸ்துமஸுக்குத்தானாம்."

அரங்கம் அதிரும். திரை விழும்.

பதினொரு வருஷமாக இதுதான் பிழைப்பு. பிராட்ஃபோர்டு, ஹல், பிளாக்பூல் என்று வாரத்துக்கு ஓர் ஊர், ஊருக்கொரு வாடகை அறை, எந்த அறையிலும் காயாத மெத்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் மாறி மாறியே முட்டி தேய்ந்துபோனது. அறுபத்து மூன்று வயதில் அவளுக்கென்று மிஞ்சியது அந்த வசனமும் அதற்கு எழும் சிரிப்பும்தான்.

நாடகத்தைப் படமாக்க வந்த லண்டன்காரர்கள் மற்ற எல்லா வேஷத்துக்கும் சினிமா முகங்களைப் போட்டார்கள். ஹெட்டியை மட்டும் மாற்றவில்லை. அவள் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டாள்.

முதல் நாளே கடைசிக் காட்சியை எடுத்தார்கள். சினிமாவில் அப்படித்தானாம். ஒத்திகையில் ஹெட்டி கதவைத் திறந்தாள், தலையை நீட்டினாள், "லா லா லல்லா" என்றாள்.

டைரக்டர் பென்ரோஸுக்கு முப்பது வயதிருந்தால் அதிகம். "வசனம் மறந்துடுச்சாம்மா?" என்றார்.

"இல்லீங்க, நல்லா ஞாபகம் இருக்கு."

இரண்டாம் முறையும் லா லா. மூன்றாம் முறையும் அதேதான்.

கடைசி வசனத்தை ஒத்திகையில் வாய்விட்டுச் சொன்னால் நாடகம் படுத்துவிடும் என்பது நாடகக்காரர்களின் நம்பிக்கை. ஜனங்கள் வந்து உட்காரும் அன்றுதான் அதைச் சொல்ல வேண்டும். மேடையில் வளர்ந்த எவருக்கும் தெரிந்த இதைப் போய் விளக்குவானேன் என்று ஹெட்டி இருந்துவிட்டாள். பென்ரோஸ் மேடையில் வளர்ந்தவர் இல்லை.

"பாவம், வயசாயிடுச்சு," என்றார் அவர் உதவியாளரிடம். "வேலைக்காரியா வர்ற பொண்ணையே சொல்லச் சொல்லிடு."

அது காதில் விழுந்த பிறகுதான் ஹெட்டி பதறிப்போய் விஷயத்தைச் சொன்னாள். "சொல்லக்கூடாதுன்னுதாங்க சொல்லல."

"அடடா, முதல்லயே சொல்லியிருக்கலாமே. இப்ப அந்தப் பொண்ணுக்கு லைட்டெல்லாம் வச்சாச்சும்மா. நீங்க அப்படி உட்காருங்க."

இதமாகத்தான் சொன்னார். சண்டை போட்டிருக்கலாம்; உடம்பில் தெம்பில்லை. சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கேமரா ஓடியது. அந்தப் பெண் தலையை நீட்டி, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். படப்பிடிப்பில் யாரும் சத்தம் போடக்கூடாது, யாரும் சிரிக்கவில்லை. பென்ரோஸ் "சரி, அடுத்தது" என்றார்.

ஹெட்டி அந்த வசனத்தை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் சொன்ன விதம் சரியில்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அந்தப் பெண் சரியாகத்தான் சொல்லியிருந்தாள்.