என் கையெழுத்துக்கு மேலே இருந்த சொல்

தாராவியில் இருபது வருடமாக இருந்தும் எனக்கு மராட்டி எழுத்து தெரியாது. மராட்டிப் பள்ளியில் படிக்கும் என் மகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டுக்கு வரும் காகிதங்களை அவள்தான் எனக்கு வாசித்துச் சொல்வாள்.

அவளுக்குப் பத்து வயதானபோது, ரணஜன்னி வராமல் தடுக்கும் டிடி ஊசி போடச் சம்மதம் கேட்டுப் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. “நான் டிக் பண்ணிட்டேம்மா, நீ இங்க சைன் போடு” என்றாள். போட்டேன். ஊசி நாளன்று தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நானும் ஒத்தடம் கொடுத்தேன். கை வலிக்கிறதென்று இரண்டு நாள் குழாயில் தண்ணீர்கூடப் பிடிக்கவில்லை.

சில மாதம் கழித்துத் துருப்பிடித்த தகரம் அவள் குதிகாலைக் கிழித்துவிட்டது. “பத்து வயசு ஊசி போட்டாச்சா?” என்று டாக்டர் கேட்டார். “நான்தானே சைன் போட்டேன்” என்று பெருமையாகச் சொன்னேன்.

மகள் விசும்பினாள். “போடலம்மா. ஊசின்னா பயம். வேண்டாம்னு போட்டிருந்த ‘நாஹி’லதான் டிக் பண்ணேன்.”

“ஏட்டி, என் கையெழுத்த வச்சே என்னைய ஏமாத்திட்டியே!”

டாக்டர் உடனே ஊசி போட்டார். காயம் ஆறிவிட்டது. என் மனம் ஆறவில்லை. வெளியாள் ஏமாற்றியிருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன்.

இப்போது எந்தத் தாளையும் டீச்சரிடம் கேட்காமல் நான் கையெழுத்திடுவதில்லை. ஊசி அட்டையைப் பார்த்த பிறகுதான் ஒத்தடம். மராட்டி எழுத்தும் கற்கிறேன். பள்ளியில் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, என் பெயருக்கு மேலே இருந்த ‘நாஹி’யைத்தான் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.