மூடித் திறந்த லேப்டாப்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரக்கு இருப்பைப் பதியும் வேலை எனக்கு. வெடிமருந்து இருக்கும் இடம் என்பதால் செல்போனை எல்லோரும் வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். என் லேப்டாப்பை மட்டும் பேக்கிங் ஷெட்டுக்குள் கொண்டுபோக மேனேஜர் அனுமதித்திருந்தார். வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தேன். ஒரே வரிக் கட்டளை கொடுத்தால் இரண்டும் அடங்கிவிடும். ஷெட்டைக் கவனித்துக்கொண்ட அக்கா தினமும் கேட்பார்.

"அணைச்சிட்டீகளா தம்பி?"

"அணைச்சாச்சுக்கா."

சீசன் நேரம். ஒருநாள் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து திறந்தால், திரையின் மூலையில் வைஃபை குறி. மூடித் திறந்ததில் அது தானாக விழித்து, ஆபீஸ் இணைப்பையும் பிடித்திருந்தது. அணைக்கப் போன நேரத்தில் ஷெட்டுக்குள் போன் அடித்தது. லேபிள் ஒட்டும் பெண்ணின் சாப்பாட்டுப் பையிலிருந்து.

"பிள்ளைக்குக் காய்ச்சல்க்கா. பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிடுவாகன்னு வச்சிருந்தேன்."

"உள்ள அம்புட்டு உசுரு இருக்கு. நீ இன்னைக்கு வீட்டுக்குப் போ" என்ற அக்கா, என்னைக் கைகாட்டினார். "தம்பியப் பாரு. படிச்சவுக, அவுகளே தினமும் அணைச்சிட்டுத்தான் உள்ள வாராக."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லேப்டாப்பைச் சத்தமில்லாமல் மூடினேன். அந்தப் பெண் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதபடி வெளியே போனாள்.

அன்று மாலையே, லேப்டாப் எப்போது விழித்தாலும் வைஃபையை மறுபடி அணைக்கும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். பலமுறை மூடித் திறந்து பார்த்தேன். சரியாக வேலை செய்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று நாள்தான் மறைக்க முடிந்தது. நான்காம் நாள் அக்காவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நாளையில இருந்து இருப்பத் தாள்ல எழுதிக்கோங்க" என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதாக நினைவில்லை.

அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னபோது அவள் கை நிற்கவில்லை. லேபிளை ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் நான் ஒத்தையா நின்னேன்லண்ணே. அப்பம் சொல்லியிருக்கலாம்ல?"

பிள்ளைக்கு இப்போது எப்படி என்று கேட்க அவள் பக்கம் குனிந்தேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணே, வெளிச்சத்த மறைக்கீக" என்றாள்.